கடைசி இறுக்கு

அம்பத்தூர் ஓ.டி. தாண்டி, சி.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் என் பட்டறை இருக்கிறது. இன்ஜின் இறக்க மாட்டேன். டிங்கரிங், பெயின்ட் கிடையாது. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கிறதோ அது மட்டும்தான் என் வேலை: டயர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராட், மவுண்ட். வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை டிக்கி வைத்த குடும்ப வண்டிகள். சிட்டி, வெர்னா, சியாஸ், சன்னி, ஃபியஸ்டா. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விர்ட்டஸ், ஸ்லாவியா.

இவற்றில் பலவும் நம்மைச் சுற்றியே செய்யப்பட்டவை. வெர்னாவும் அதற்கு முந்தைய அக்சென்ட்டும் பூந்தமல்லி தாண்டினால் வரும் இருங்காட்டுக்கோட்டையில். சன்னி ஒரகடத்தில். ஐகானும் ஃபியஸ்டாவும் மறைமலை நகரில். லான்சர் திருவள்ளூரில். கம்பெனியில் ஒரு வண்டிக்கு இந்த ஸ்பிரிங், இந்த ஷாக், இந்த ரப்பர் என்று பல பேர் உட்கார்ந்து பேசி, ஓட்டிப் பார்த்து, மாற்றி மாற்றிப் போட்டு முடிவு செய்திருப்பார்கள். அந்தச் சுகம் நம் ரோட்டில் ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் வரை தானாக நிற்கும். அதற்குமேல் அதைக் காப்பாற்றுவது பட்டறைக்காரன் பொறுப்பு. இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பிகளுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"வண்டி தூக்கிப் போடுதுண்ணே" என்றுதான் எல்லோரும் வருவார்கள். அதைக் கேட்டதும் ஷாக் போய்விட்டது என்று சொல்கிறவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான். டயரில் காற்று அதிகம் இருந்தாலும் தூக்கிப் போடும். பம்ப் ஸ்டாப் உதிர்ந்து போயிருந்தாலும் தூக்கிப் போடும். ஸ்பிரிங் நடுவில் யாராவது ரப்பர் பஃபர் சொருகியிருந்தாலும், ஆர்ம் புஷ் முறுக்கிக்கொண்டு நின்றாலும், சீட் ஃபோம் செத்திருந்தாலும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். அதனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டும். எந்த ரோட்டில்? எத்தனை ஸ்பீடில்? வண்டி காலியாக இருக்கும்போதா, ஆள் ஏறினாலா? சின்னச் சின்னதாகக் குலுக்குதா, ஒரே அடியாக அடிக்குதா? இதெல்லாம் எந்தப் பட்டறையிலும் கேட்பார்கள். என் மேஸ்திரி கடைசியாக இன்னொரு கேள்வி கேட்பார்: "யார் சொன்னாங்க?"

அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் பாதி வேலை முடியும். வண்டி ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் வருகிற ஆட்டம் தெரியும், முன்பக்கம் கேட்கிற சத்தம் தெரியும். குலுக்கல் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பள்ளத்தை அவர் முன்னாலேயே பார்த்துவிடுகிறார், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், உடம்பு தானாகத் தயாராகிவிடுகிறது. அவர் உட்காரும் இடமும் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில். பின் சீட்டில் இருக்கிற அம்மாவோ கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். எதிரில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது: பின் ஸ்பிரிங்கை மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அதன்மேல் வயதான ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து கோயிலுக்குப் போனால் அந்த ஸ்பிரிங் அவரைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. "எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே, அம்மாதான் இடுப்பு வலிக்குதுன்னு சொல்றாங்க" என்று ஒருத்தர் வந்தால் நான் அம்மாவையும் கூட்டிவரச் சொல்வேன். குடும்ப வண்டியின் சுகத்துக்கு அவர்தான் நீதிபதி.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் படிக்கிற ஒரு கஸ்டமர் பையன் ஒருநாள் உட்கார்ந்து விளக்கினான். வண்டியின் உடம்பு நொடிக்கு ஒரு தடவை, ஒன்றரை தடவை ஏறி இறங்கினால் மனிதனுக்கு இதம். நொடிக்கு நாலிலிருந்து எட்டு வரை மேலும் கீழும் குலுங்கினால் உடம்பு அதைத்தான் அதிகம் தாங்காது என்றான். நான் தலையாட்டினேன். மேஸ்திரி இந்த எண் எதையும் கேள்விப்பட்டவர் இல்லை. பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, "இது வயித்துல வருது, இது பல்லுல வருது" என்று பிரிப்பார். வயிற்றில் வந்தால் ஷாக், ஸ்பிரிங். பல்லில் வந்தால் டயர், புஷ், மவுண்ட்.

மேஸ்திரி அம்பாசிடரில் வேலை கற்றவர். முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், கிரீஸ் நிப்பிளுக்குக் கிரீஸ் கன். கிரீஸ் அடிக்காமல் ஒரு அம்பாசிடரை வெளியே விட மாட்டார். 1998இல் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு சேர்ந்து திருவள்ளூரில் லான்சர் செய்ய ஆரம்பித்தது. சில வருடத்தில் அந்த வண்டிகள் வெளிப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கின. பின்னாலும் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பக்கத்துக்குப் பல ஆர்ம்கள், ஒவ்வொன்றின் முனையிலும் புஷ். ஒரு நிப்பிள் கிடையாது. முதல் லான்சரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இதுல கிரீஸ் எங்கடா அடிக்கிறது?" என்றார். கழற்றிப் போட்ட ஒரு தேய்ந்த ஆர்மை எடுத்து வைஸில் மாட்டி, புஷ்ஷை ஹாக்ஸா பிளேடால் நடுவில் அறுத்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டிலும் ஒட்டிப்போன ரப்பர். எதுவும் எதன்மேலும் உருளவில்லை, வழுக்கவில்லை. ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு முறுக்கு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் இன்றுவரை எங்கள் பட்டறையின் சட்டம்: "நைனா, வண்டி தரையில நிக்கும்போது எந்த நெலையில இருக்குதோ, அந்த நெலையிலதான் இந்த ரப்பர் தூங்கணும். தூக்கி வெச்சு இறுக்கினா ஆயுசுக்கும் முறுக்கிக்கிட்டேதான் இருக்கும்."

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். லிஃப்டில் வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், ஆர்மும் கீழே சாய்ந்து தொங்கும். அந்த நிலையில் புஷ் போல்ட்டை ஏர் கன் வைத்து முழுதாக இறுக்கினால், புஷ்ஷின் உள்குழாய் அந்தச் சாய்ந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், உள்குழாய் வராது. ஈரத் துணியைப் பிழிந்த முறுக்கோடு அப்படியே விட்டுவிட்டது மாதிரி ரப்பர் நாள் முழுக்க நிற்கும். வண்டி கொஞ்சம் தூக்கலாக நிற்கும், சின்னப் பள்ளத்தைக்கூட இடித்துச் சொல்லும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். கஸ்டமர் "டூப்ளிகேட் சாமான் போட்டுட்டான்" என்பார். சாமான் ஒரிஜினல்தான், இறுக்கியது தப்பு.

எங்களோடு ஒரு பையன் இருந்தான். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரு குடும்ப வண்டிக்கு இரண்டு லோயர் ஆர்மும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றி முடித்தான். சில வாரத்தில் வண்டி திரும்பி வந்தது: முனகல் சத்தம், முன்னாடி கட்டை மாதிரி ஆகிவிட்டது என்று. மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. அடியில் நின்று வேலை பார்க்கிற குழிமேல் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, கீழே இறங்கி அவன் இறுக்கிய போல்ட்டை அவனையே தளர்த்தச் சொன்னார். 'டக்' என்று ஒரு சத்தம். ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஹப் நடு வரைக்கும் தளர்த்துவதற்கு முன்னாலும் தளர்த்திய பின்னாலும் அளந்து காட்டினார்; வண்டி சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. "இவ்ளோ நாளா இது உன் முறுக்குல நின்னுது" என்றார். ஒரு பக்கத்து ரப்பரில் கோடு விழுந்திருந்தது. அதை மாற்றி, மற்றதைத் தரையில் வைத்தே இறுக்கி அனுப்பினோம். அந்தப் பையன் இப்போது ஆவடியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போகிற வண்டி திரும்பி வருவதில்லை.

ஆகவே முறை இது. தூக்குவதற்கு முன்னாலேயே ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, டேப் ஒட்டி எழுதி வை. போல்ட்டையெல்லாம் கையால் பூட்டி, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கு. வண்டியைக் குழிமேல் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விட்டு, அளவு வந்துவிட்டதா பார்த்துக் கடைசி இறுக்கு. குழி இல்லாத கடையில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவுக்கு ஏற்றிவிட்டு இறுக்கலாம். டார்க் ரெஞ்ச்தான், ஏர் கன் கூடாது. லிஃப்ட் வந்த பிறகும் நான் பழைய குழியை மூடவில்லை. ஐப்பசி கார்த்திகையில் அதில் தண்ணீர் ஊறி நிற்கும், மோட்டார் போட்டு இறைக்க வேண்டும். இருந்தாலும் வண்டி தன் காலில் நிற்க, நான் அடியில் நின்று வேலை செய்ய அதைவிட நல்ல இடம் இல்லை.

புஷ் மாட்டும்போது இன்னும் மூன்று விஷயம். ஒன்று, சில புஷ்ஷில் ரப்பருக்கு நடுவில் காலி இடம் விட்டிருப்பார்கள். அது எந்தத் திசையில் மென்மை வேண்டும், எதில் விறைப்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்து விட்டது. பழையதைப் பிரஸ்ஸில் தள்ளுவதற்கு முன்னால் ஆர்மில் குறி போட்டுக்கொள்; புதியதும் அதே திசையில் உட்கார வேண்டும். இரண்டு, வழுக்குவதற்கு இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவாதே, ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். மூன்று, பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லி வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது சரி. பின்னால் பாட்டி உட்காரும் வண்டிக்கு ரப்பர்தான் வேண்டும்.

வேலையை ஆரம்பிக்க வேண்டியது டயரிலிருந்து. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகியும் பஸ் ஸ்டாப் பெயர் டன்லப்தான். டயர் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். காற்று அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 30க்கும் 35க்கும் இடையில். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மே மாத மதியத்தில் ஓடி வந்த டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைப் பிடுங்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். பெட்ரோல் பங்கில் 40 அடித்துவிட்டு எங்களிடம் ஷாக் மாற்ற வந்தவர்கள் எத்தனையோ பேர். காற்றை இறக்கிவிட்டு, ஒரு டீக்குக்கூடக் காசு வாங்காமல் அனுப்பினால் அவர் அடுத்த முறை உண்மையான வேலைக்கு உன்னிடம்தான் வருவார்.

அடுத்தது டயரின் வயது. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம். கட்டை நன்றாக இருக்கிறதே என்று ஆறேழு வருடப் பழைய டயரை வைத்திருப்பார்கள். ரப்பர் இறுகிப் போயிருக்கும். எந்த ஷாக் போட்டாலும் பல்லில் தெரியும். பிறகு அலாய். சியாஸில் கம்பெனியே இரண்டு அளவு கொடுத்தது: 185/65 ஆர்15, 195/55 ஆர்16. வெளி விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ரப்பர் சுவர் 120 மி.மீ. உயரம், இரண்டாவதில் 107. அழகுக்காகப் போனது 13 மி.மீ. காற்று மெத்தை. அதற்கும் மேலே போய் 17 இஞ்ச் மாட்டிக்கொண்டு சொகுசு கேட்டால் நான் தர முடியாது. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

ஷாக் அப்சார்பர் பற்றி. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்ப்பது முழுதாகச் செத்த ஷாக்கை மட்டும் காட்டும். அரைகுறையாகப் போனதைக் காட்டாது. உடம்பில் ஈரமாக எண்ணெய் வழிந்திருந்தால் போய்விட்டது. லேசாகப் புழுதி ஒட்டின கறை மட்டும் என்றால் பொறு, மற்றதைப் பார். மாற்றினால் ஜோடியாக மாற்று. புது ஸ்ட்ரட் கடையில் படுத்துக் கிடந்திருக்கும். உள்ளே காற்று கலந்திருக்கும். நிறுத்தி வைத்து நாலைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்கினால்தான் எண்ணெய் சரியாக உட்காரும். அதைச் செய்யாமல் மாட்டி, புது ஷாக்கே சத்தம் போடுகிறது என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல் நட்டைக் கழற்றும்போது ராடு சுற்றும். அவசரத்தில் பிளையர் வைத்துப் பிடிப்பான் ஒருத்தன். அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசிந்துவிடும். ராடின் தலையில் ஆலன் கீ போட இடம் இருக்கும், அதைப் பிடி.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அந்த மேல் நட்டைத் தொடாதே. கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியும் நேர் எதிரெதிராக இருக்க வேண்டும், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஸ்பிரிங்கின் நேர் எதிரில் முகம் இருக்கக் கூடாது. இதில் மட்டும் மேஸ்திரி கையை ஓங்குவார்.

ஸ்ட்ரட் பிரித்த அன்றைக்கே பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மேல் மவுண்ட், பேரிங் நாலையும் பார்த்துவிடு. விலை குறைந்த சாமான்கள். சுகம் அதிகம் இவற்றில்தான் இருக்கிறது. மேல் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துபோனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் காதுக்கு வரும். பேரிங் பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக் குதிக்கும். அதைக் கண்டுபிடிக்க மேஸ்திரி ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்வார். காதை விடக் கை முந்திச் சொல்லும். லிங்க் ராடும் அப்படித்தான்: பால் ஜாயின்ட்டில் இரண்டு விரலை வைத்து, மேலே ஒருத்தனை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னால் விரலில் 'டிக்' என்று அடிக்கும். சி.டி.எச். ரோட்டின் பேட்ச் போட்ட இடங்களில் கேட்கும் கடகடவுக்குப் பாதி நேரம் இந்தச் சின்ன லிங்க் ராடுதான் காரணம். அதற்குப் போய் இரண்டு ஸ்ட்ரட்டையும் மாற்றி பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்பீட் பிரேக்கர் ஒரு தனிக் கதை. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். எங்கள் தெருக்களில் இருப்பது வீட்டுக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்ட ஒரு முழ அகல மேடு. குடும்பத்தோடு ஏறி இறங்கினால் அடி தட்டும். உடனே ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் சொருகிக்கொள்வார்கள். அந்தச் சுற்று அசையாது. மற்றச் சுற்றுகள் கூடுதல் வேலை செய்யும். வண்டி தூக்கலாக நிற்கும், பின் சீட் கல்லாகும், சில சமயம் ஸ்பிரிங்கே ஒடியும். உண்மையில் பெரும்பாலும் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பம்ப் ஸ்டாப் உதிர்ந்திருக்கும். அளந்து பார்த்துக் கம்பெனி ஸ்பிரிங் போட்டால் தட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். பிறகும் தட்டினால் மெதுவாகக் குறுக்கே ஏற்றச் சொல்.

சஸ்பென்ஷன் பார்க்கிறவன் வண்டியின் உள்ளேயும் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டு சிக்னலில் நிற்கும்போது சீட் நடுங்கினால் இன்ஜின் மவுண்ட். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்ட் என்றால் கசிந்திருக்கும். சீட் ஃபோம் அமுங்கியிருந்தால் அதைக் குஷன் கடைக்கு அனுப்பு, ஷாக்கை விற்காதே. இப்போதைய வெர்னா, விர்ட்டஸ், ஸ்லாவியாவின் மேல் மாடல்களில் முன் சீட்டுக்குள்ளேயே காற்றோட்டம் வைக்கிறார்கள். அதன்மேல் தடிமனான ரெக்ஸின் உறை மாட்டிவிட்டுக் காற்று வரவில்லை என்பார்கள். சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் இருந்தால் அந்த உறை ஆபத்தும்கூட. சன்னியில் பின்னால் ஒரு ஃபேன் கொடுத்தார்கள். அது தனியாகக் குளிர வைக்காது, முன்னாலிருந்து வருகிற காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் அது தள்ளுவதும் வெப்பக் காற்றுதான். வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த சஸ்பென்ஷனும் நல்லதாகத் தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு வந்த வண்டிகள் தனி வகை. இன்ஜினை எல்லோரும் பார்த்தார்கள். வீல் பேரிங்கில் புகுந்த தண்ணீர் சில மாதம் கழித்து ஊளையிட ஆரம்பித்தது. பால் ஜாயின்ட் ரப்பர் உறைக்குள் சேறு. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் சத்தம் உறிஞ்சும் பஞ்சு காயாமல் நாறியது. தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்லாதே.

வீல் அலைன்மென்ட் எப்போதும் கடைசி. புஷ் ஆடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் கம்ப்யூட்டர் பச்சை காட்டும். ரோட்டில் இறங்கியதும் அந்தப் பச்சை நகர்ந்துவிடும்.

பிறகு ட்ரயல். மேஸ்திரி எங்கள் யாரையும் ட்ரயலில் ஸ்டியரிங் பிடிக்க விட்டது வெகு நாள் கழித்துத்தான். கஸ்டமர் ஓட்டுவார், நாங்கள் பின்னால். வழி இன்றும் அதேதான். ஓ.டி.யிலிருந்து சி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயில் வழியாக ஆவடி: பேட்ச், மேன்ஹோல், பஸ் நிறுத்தத்தில் சுருண்டுபோன தார். லிங்க் ராடும் மேல் மவுண்ட்டும் இங்கே பேசும். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி: லாரி ஓடி அலை அலையாகிப்போன ரோடு, ஷாக் அடக்குகிறதா என்று வயிறு சொல்லிவிடும். பூந்தமல்லி ஹைரோட்டில் மதுரவாயல் வந்து பைபாஸில் ஏறினால் 80, 90இல் பேலன்சிங்கும் வீல் பேரிங்கும். பாலத்தின் இணைப்புகளில் 'டப் டப்' என்று இரண்டு சத்தம் வரும், முன் சக்கரம் ஒன்று, பின் சக்கரம் ஒன்று. இரண்டும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். பின்னது கனத்தால் ட்விஸ்ட் பீம் புஷ்ஷைத் திரும்பப் பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும்போது எல்லாம் தெரிந்திருக்கும்.

டாங்கி வடிவமைக்கும் ஆவடி சி.வி.ஆர்.டி.இ.யில் வேலை பார்த்து ரிட்டையரான ஒருவர் எங்கள் கஸ்டமர். அறுபது டன்னுக்குச் சற்றே குறைந்த அர்ஜுன் டாங்கிக்கு அங்கே ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் வைத்திருக்கிறார்கள். வாயுவும் எண்ணெயும் சேர்ந்து ஸ்பிரிங், ஷாக் இரண்டு வேலையும் பார்க்கும் என்று அவர்தான் சொன்னார். அப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து வந்தவர் தன் வண்டியின் பின் புஷ் இரண்டையும் மாற்றிய அன்று, கடைசி இறுக்குக்கு நான் குழியில் இறங்கும்போது தானும் எட்டிப் பார்த்தார். மேலே நின்று வண்டியை அமுக்கிக் கொடுத்தார். பில் கொடுக்கும்போது பேரம் பேசவில்லை.

சேர வருகிற தம்பிகளுக்கு என் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் கையில் பிரஷர் கேஜ், டேப், சாக்பீஸ் மட்டும்தான். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் காற்றைப் பார்த்து, டயர் வருடத்தைப் படித்து, ஃபெண்டர் உயரத்தை நாலு பக்கமும் நோட்டில் எழுத வேண்டும். ட்ரயலுக்குப் பின் சீட். திரும்பி வந்து, வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், எது போயிருக்கிறது என்று நீ எழுதியதை எனக்குக் காட்ட வேண்டும். பிறகு குழியில் இறங்கிச் சேர்ந்து பார்ப்போம். கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுக் கஸ்டமரிடம் கொடுக்க வேண்டும். நீ எழுதியதும் குழியில் கண்டதும் ஒத்துப்போக ஆரம்பித்த பிறகு டார்க் ரெஞ்சை உன் கையில் கொடுப்பேன், கடைசி இறுக்கு உன்னுடையது. சம்மதம் என்றால் வா. காலை எட்டரைக்குக் கடை திறக்கும். மழைக்காலம் என்றால் எட்டு மணிக்கே, குழியை இறைக்க வேண்டும்.